மூவாயிரம் முறை எழுந்த கணினி

அடுத்தவர் செய்த பொருளில் குறை கண்டுபிடிப்பதையே இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலையாகக் கொண்ட ஒருவர், தானே ஒன்றைச் செய்தால் அதன் குறை அவர் கண்ணுக்குத் தெரியுமா? காமினியின் வாழ்க்கை கேட்டதுபோலத் தோன்றிய கேள்வி இதுதான். தெரியாது என்பதே நேர்மையான விடை. ஆனால் அந்த விடைக்குப் பிறகு நடந்ததுதான் சொல்லத் தகுந்தது.

காமினிக்கு நாற்பத்தொரு வயது. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. காலையில் மோட்டார் சைக்கிளோடு படகேறி, அக்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் இறங்கி, புக்கிட் தெங்காவில் மின்சுற்றுப் பலகைகள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போவார். அங்கே சோதனைப் பிரிவில் வேலை. பலகையைச் செருகி, ஓடவிட்டு, 'பாஸ்' அல்லது 'ஃபெயில்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவர் ஃபெயில் போட்டால் மேல்மாடியிலிருந்து எஞ்சினியர் இறங்கி வருவார். பலகையைப் பார்க்குமுன்பே, கரண்டில் ஏதோ கோளாறு என்பார். கோளாறு எப்போதும் பலகையில்தான் இருக்கும்.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு சாதனத்தைத் திறந்து வேலை பார்ப்பவர் அதன்மேல் ஒரு சிவப்பு அட்டையைத் தொங்கவிடுவார். 'ஜாங்கான் உசிக்', தொடாதே என்று மலாயில் அச்சடித்திருக்கும். கீழே தொங்கவிட்டவரின் பெயர். அட்டை தொங்கும்வரை மேனேஜர்கூட அதில் கை வைக்க மாட்டார். தொங்கவிட்டவர் மட்டுமே அதைக் கழற்றலாம். ஒருமுறை கழற்ற மறந்து படகுத்துறைவரை போய்விட்ட காமினி, அரை நிமிட வேலைக்காக மோட்டாரைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அதை யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை.

நோய்த்தொற்றுக் காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது அவர் ரஸ்ட் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கினார். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது என்பதைத் தவிர முதலில் வேறு காரணமில்லை. நான்காவது பாடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மொழியில், கணினி நினைவகத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. ஒருவர் அதை மாற்றிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் தொட முடியாது. தொடும்படி எழுதினால், நிரலைச் சரிபார்த்து இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலர் அதை ஏற்காமல் திருப்பி அனுப்பிவிடும். இது நம்ம செவப்பு அட்டதானே என்று அவருக்குத் தோன்றியது.

கணினியின் எல்லா வேலைக்கும் அடித்தளமான இயங்குதளங்களை அரை நூற்றாண்டாக சி மொழியில்தான் எழுதிவந்தார்கள். அதில் இப்படித் தடுக்க யாருமில்லை. எழுதுபவர் கவனமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கவனம் எத்தனை நாள் தாங்கும்? கடந்த சில ஆண்டுகளில் நிலைமை மாறியது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் மையத்துக்குள்ளேயே ரஸ்ட் நுழைந்தது. வேறு சிலர், அடியிலிருந்தே ரஸ்டில் புதிய இயங்குதளங்களைக் கட்டி, மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவைத்தார்கள். ரஸ்ட் வந்ததால் கணினிகள் இனிப் பழுதாகாது என்று சொல்பவர்களை நம்ப வேண்டியதில்லை. ஆனால் ஒரு வகைப் பிழையை மனிதரின் நினைப்பிலிருந்து எடுத்து இயந்திரத்தின் பொறுப்பில் வைத்தது சிறிய காரியமல்ல.

அப்படிப்பட்ட ஓர் இயங்குதளம் கெஸ்ட்ரல். பல நாடுகளில் இருந்த நூறு பேர், சம்பளமில்லாமல் அதை எழுதிவந்தார்கள். 2025இல் அது மடிக்கணினியில் எழுந்து, திரையில் சன்னல்களைக் காட்டி, இணையப் பக்கத்தைத் திறக்கும் அளவுக்கு வந்துவிட்டது. பழைய கணினிகளில் மட்டும் திணறியது. அவற்றில் பெரும்பாலானவற்றில் இருந்த மலிவான ஒரு நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலை, அதாவது டிரைவரை, யாரும் எழுதவில்லை. அந்தக் கார்டு காமினிக்குப் பல்லாண்டுப் பழக்கம். தொழிற்சாலையின் பழைய சோதனைக் கணினிகள் எல்லாவற்றிலும் அதுதான். கழித்துப்போட்ட ஒன்றை அனுமதி வாங்கி வீட்டுக்கு எடுத்துவந்தார்.

பக்கத்து மேசையில் வேலை செய்யும் ரோஹானா, இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். ரோஹானாவுக்கு ஐம்பது வயது. வரிசையில் அவர்தான் மூத்தவர்.

"இருவத்திரெண்டு வருஷமா அடுத்தவங்க செஞ்சத நான் டெஸ்ட் பண்றேன்க்கா. நான் செஞ்சத யாராச்சும் டெஸ்ட் பண்ணி பாஸ் போடட்டும். ஒரே ஒரு தடவ."

ரோஹானா சிரிக்கவில்லை.

எட்டு மாதத்தில் டிரைவர் உருவானது. அதை ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் கடல் கடந்து கூச்சிங்கில் இருந்த இர்வான். இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ரஸ்டில் ஒரு விதிவிலக்கு உண்டு. வன்பொருளோடு நேரடியாகப் பேசும் இடங்களைக் கம்பைலரால் சரிபார்க்க முடியாது. அங்கே எழுதுபவர் 'அன்சேஃப்' என்று குறித்து, பொறுப்பைத் தானே ஏற்றுக்கொள்ள வேண்டும். அந்த வரிக்கு மேலே, இது ஏன் ஆபத்தில்லை என்று காரணமும் எழுத வேண்டும். காரணம் போதவில்லை என்று பட்டால் இர்வான் ஒரே சொல்லில் திருப்பி அனுப்புவார்: "கெனாப்பா?" மலாயில், ஏன்?

காமினியின் நிரலில் முப்பத்தோர் இடங்களில் கெனாப்பா வந்தது. சலிக்காமல் பதில் எழுதினார். ஒரே ஓர் இடத்தில் பதில் எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கார்டை நிறுத்தியதும் அது பயன்படுத்திய நினைவகத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் இடம் அது. 'கார்டிடம் நிறுத்தச் சொல்லிவிட்டோம், ஆகவே இனி இதை யாரும் தொடமாட்டார்கள்' என்று எழுதினார். அந்தச் சொற்களின் உறுதியைப் பார்த்து இர்வானும் ஒப்புக்கொண்டார்.

கெஸ்ட்ரலின் புதிய வெளியீட்டுக்குள் டிரைவர் இடம்பெற வேண்டுமானால், மூன்று வாரத்துக்குள் வேறொருவர் சோதித்துச் சான்று தர வேண்டும். காமினி ரோஹானாவிடம் போனார். கணினி காமினியின் வீட்டில் இருக்கக்கூடாது என்பது ரோஹானாவின் முதல் நிபந்தனை. வைத்தால் அவர் தொட்டுக்கொண்டே இருப்பாராம். ஆகவே அது, சூலியா தெருவை ஒட்டிய சந்தில் ரோஹானாவின் கணவர் ஷேக் அலாவுதீன் நடத்தும், சோறும் குழம்பும் விற்கும் நாசி கண்டார் கடைக்குப் போனது. கல்லாவுக்குப் பக்கத்தில், ஊறுகாய்ப் போத்தல்களை ஒதுக்கிவிட்டு இடம் பிடித்துக்கொண்டது. ஒரு டைமர் அதை அணைத்து அணைத்து எழுப்பியது. எழுந்ததும் நெட்வொர்க்கைத் தொடுவது, தரவு அனுப்புவது, கார்டை நிறுத்துவது, தூங்கிப்போவது. ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம்.

"நாள் முழுக்க எந்திரிக்குது, படுக்குது. ஒரு வேலையும் பாக்க மாட்டேங்குது," என்றார் அலாவுதீன். "நம்ம மச்சான் மாதிரிலா."

"எங்க தம்பியச் சொல்லலன்னா ஒங்களுக்குச் சோறு எறங்காது," என்றார் ரோஹானா.

முதல் நாள் நானூறு துவக்கங்கள், எல்லாம் சுத்தம். இரண்டாம் நாள் இரண்டு முறை திரை குப்பையான எழுத்துகளைக் கொட்டி உறைந்தது. மூன்றாம் நாள் ஒருமுறை. ஆயிரத்து இருநூறில் மூன்று. ரோஹானா ஃபெயில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலையில் செய்வதுபோலவே தன் பெயரெழுதிய சிவப்பு அட்டையைத் திரையின்மேல் மாட்டிவிட்டு, காமினிக்குச் செய்தி அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம், வேலை முடிந்து காமினி நேரே கடைக்கு வந்தார். ரோஹானாவின் சோதனைத் தாளைப் பார்த்தார். பிறகு கடையின் பெரிய ஃப்ரீசரைப் பார்த்தார்.

"அந்த ஃப்ரீசர் ஓடுறப்ப கரண்ட் எறங்குதுக்கா. அதான்."

ரோஹானா அந்தத் தாளை அவர் பக்கம் தள்ளினார்.

"இத எஞ்சினியருங்க சொல்வாங்க. நீ சொல்லாத."

காமினி அதற்குமேல் ஃப்ரீசரைப் பார்க்கவில்லை. சோற்றுத்தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். வெளியீட்டுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆயிரத்தில் இரண்டு மூன்று முறை மட்டும் வரும் பிழையைப் பிடிப்பது, கூட்டமான சந்தையில் ஒரு முகத்தைத் தேடுவது போலத்தான்.

அப்போதுதான் ரோஹானா கவனித்தார். கணினி ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு அட்டை அதன்மேல் அப்படியே தொங்கியது.

"யாரு இதத் தொட்டது?"

"நான்தான்," என்றார் அலாவுதீன், குழம்பை ஊற்றிக்கொண்டே. "சும்மா கெடந்துச்சு. கஸ்டமர் ரெண்டு பேரு, ஏன் இன்னிக்கு எந்திரிக்கலன்னு கேட்டாங்க. போட்டு வுட்டேன்."

"செவப்பு அட்ட கண்ணுல படலியா?"

"பட்டுச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. அதுக்கு என்னா அர்த்தம்னு எனக்கு யாரு சொன்னா?"

காமினி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். கை கழுவும் இடத்துக்குப் போகும் வழியிலேயே நின்று, "அண்ணே, இன்னொரு தடவ சொல்லுங்க," என்றார்.

அலாவுதீன் மனைவியைப் பார்த்தார். "எனக்கு யாரு சொன்னான்னு கேட்டேன் தங்கச்சி. தப்பா?"

தப்பில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக, அட்டை தொங்கினால் யாரும் தொடமாட்டார்கள் என்ற உலகத்தில் காமினி வாழ்ந்திருக்கிறார். அந்த உலகத்தின் எல்லை, தொழிற்சாலையின் கதவோடு முடிகிறது. அலாவுதீனுக்கு அது தெரியாது. நெட்வொர்க் கார்டுக்கும் தெரியாது. நிறுத்து என்று சொன்ன பிறகும், கையிலிருந்த கடைசித் தரவை எழுதி முடிக்க அதற்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு துளி தேவைப்பட்டது. காமினியின் நிரலோ, சொன்னதுமே நினைவகத்தை எடுத்து வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. எப்போதாவது அந்தத் துளிக்குள் இருவரும் மோதிக்கொண்டார்கள். கம்பைலருக்குக் கார்டு தெரியாது. அதைப் பார்க்க வேண்டியவர் காமினி, அவர் பார்க்கவில்லை. 'யாரும் தொடமாட்டார்கள்' என்று அவர் எழுதிய காரணம், சோதனைப் பிரிவின் பழக்கமே தவிர உண்மையல்ல.

கடையின் கடைசி மேசையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். ஆறரை மணி, கடையில் கூட்டம் நெரிந்தது. யாரோ அவர் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை தே தாரேக் தேநீர் வைத்துவிட்டுப் போனார்கள். அவர் விரல்கள் நிற்கவில்லை. பிழையைக் கொண்டுவந்த அதே வழக்கத்தில்தான் மருந்தும் இருந்தது: தொங்கவிட்டவரே கழற்ற வேண்டும். நினைவகத்தைப் பயன்படுத்துவது கார்டு. ஆகவே அட்டையைக் கழற்ற வேண்டியதும் கார்டுதான். 'நின்றுவிட்டேன்' என்று கார்டே தன் நிலைப்பதிவில் காட்டும்வரை, அந்த நினைவகம் யார் கைக்கும் போகாதபடி ஒரு சிறு உறையை எழுதினார். இனி யாராவது அவசரப்பட்டு அதை எடுக்கும்படி எழுதினால், கம்பைலரே மறுத்துவிடும். அந்த உறைக்குச் சிவப்பு அட்டை என்றே பெயர் வைத்தார். மொத்தம் நாற்பத்தாறு வரிகள்.

இர்வானுக்கு எழுதிய கடிதத்தில், தான் முன்பு சொன்ன காரணம் தவறு என்றுதான் தொடங்கினார். இர்வான் இந்த முறை கெனாப்பா கேட்கவில்லை. தானும் ஏமாந்ததாகப் பதில் எழுதினார்.

கணினி மறுபடி எழத் தொடங்கியது. ரோஹானா, பழைய கணக்கு செல்லாது, முழுதாக மூவாயிரம் வேண்டும் என்றார். முதல் ஆயிரம் கடக்கும்போது, அது என்னவென்றே தெரியாத வாடிக்கையாளர்கள்கூட எண்ணிக்கையைக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இரண்டாயிரத்தில் ஒரு டாக்சிக்காரரும் ஒரு வங்கி ஊழியரும் ஆளுக்கொரு தே தாரேக் பந்தயம் கட்டினார்கள். அலாவுதீன் மீன் துண்டுகளை அடுக்கும் நேரத்திலும் ஓரக்கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டார். மிக்சியின் ஒயரைக்கூட வேறு பிளக்குக்கு மாற்றிவிட்டார். காமினி கடைப்பக்கமே வரவில்லை. வரக்கூடாது என்று ரோஹானா சொல்லியிருந்தார். படகில் நின்றபடி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொலைபேசியைப் பார்த்தார்.

கெடுவுக்கு முந்தின நாள், வியாழக்கிழமை மதியம், புக்கிட் தெங்காவின் உணவுக்கூடத்தில் ரோஹானாவின் தொலைபேசிக்குக் கடையிலிருந்து ஒரு படம் வந்தது. 3000. பிழைகள்: 0. திரைக்குப் பக்கத்தில் அலாவுதீனின் கட்டைவிரலும் தெரிந்தது.

ரோஹானா பையிலிருந்து சோதனைத் தாளை எடுத்து, மேசையில் வைத்து, பொறுமையாக எழுதினார். பாஸ். கீழே கையெழுத்து. எதிரே இருந்த காமினியிடம் நகர்த்தினார்.

"இந்தா. ஒரே ஒரு தடவன்னு சொன்ன."

காமினி அதை எடுத்துப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுபடி எடுத்துப் படித்தார்.

வெளியீடு வந்த வாரத்தில், பழைய கணினிகளில் கெஸ்ட்ரல் ஓடுகிறது என்று செய்திகள் குவிந்தன. ஒரு மலைக்கிராமப் பள்ளியில் பதினெட்டுக் கணினிகள் ஒரே நாளில் எழுந்தனவாம். யாரோ ஒருவர், சிவப்பு அட்டை என்ற உறையை வன்வட்டை இயக்கும் டிரைவரிலும் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார். நாற்பத்தாறு வரிகளுக்கு இவ்வளவு போதும். காமினி இதற்குமேல் எதையும் எதிர்பார்க்கவில்லை.

மறு மாதம் இர்வான் ஒரு மாற்றத்தை முன்மொழிந்தார். கெஸ்ட்ரலில் எந்தப் பகுதி யார் பொறுப்பு என்று சொல்லும் கோப்பு ஒன்று உண்டு. அதில் நெட்வொர்க் டிரைவர்கள் அனைத்துக்கும் பொறுப்பாளர் என்ற இடத்தில் காமினியின் பெயரை எழுதி, ஒப்புதலுக்கு அனுப்பியிருந்தார். ஏன் அவர் என்பதற்கு ஒன்பது வரிகளில் காரணமும் இருந்தது.

காமினி இரண்டு நாள் கழித்து அதைத் திருத்தி அனுப்பினார். பொறுப்பாளர் என்ற இடத்திலிருந்து தன் பெயரை எடுத்து, இரண்டு வரி கீழே, சோதிப்பவர்கள் என்ற இடத்தில் வைத்திருந்தார். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. காரணமில்லாத மாற்றத்தைக் கெஸ்ட்ரலில் ஏற்பதில்லை. தன்னுடைய சொந்த மாற்றங்களைக்கூட அதற்காக நிறுத்திவைத்தவர் இர்வான்.

ஒரு மணி நேரத்தில் அவர் அதை ஏற்றுக்கொண்டார். எதுவும் கேட்கவில்லை. ரோஹானா மட்டும் ஏன் என்று ஒருமுறை கேட்டார். அன்று சோதிக்க வேண்டிய பலகைகள் நிறைய இருந்தன. "ஒரே ஒரு தடவன்னுதானேக்கா சொன்னேன்," என்றபடி காமினி அடுத்ததை எடுத்துச் செருகினார்.