வேகாத பல்செட்

காலை ஒன்பது இருபதுக்கு அந்தப் பல் கட்டும் கடைக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது என் அக்காவின் திறந்த வாய். பெரம்பலூர் கடைத்தெருவில் ஒரு சந்து. வாசலை ஒட்டிய நாற்காலியில் அமர்ந்து, பல் கட்ட வந்த ஒருவருக்குத் தன் மேல் ஈறைக் காட்டிக்கொண்டிருந்தாள். ஈறு சிவந்து, அண்ணத்தில் தோல் உரிந்திருந்தது.

"இங்கதான் கட்டுனேன். நீங்களும் கட்டிக்குங்க."

வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார்.

தன் மகள் கல்யாணத்துக்காக அக்கா அங்கே அவசரமாகக் கட்டிய பல்செட்தான் காரணம். போட்டதுமே வாய் எரிந்தது. கடைக்காரர், "பழகிடும்க்கா, புதுச் செருப்பு கடிக்கலையா?" என்று அனுப்பிவிட்டார். பந்தியில் சம்பந்தி வீட்டார் பார்க்க, ரசஞ்சோறுகூட இறங்காமல் அக்கா இலையை மூடினாள்.

நான் அரியலூரில் செய்தியாளனாக இருந்தவன். பத்திரிகையில் எழுதச் சொல்கிறேன் என்றேன்.

"பேப்பர்ல போட்டா பஜ்ஜி மடிப்பானுவ. அவன் இதைத் தன் வாயில போடணும். நாலு பேரு பாக்கப் போடணும்."

அதிலிருந்து தினமும் அரியலூரில் பஸ் ஏறினாள். அன்று நானும் அடுத்த பஸ்ஸில் அவள் பின்னாலேயே போனேன்.

பல்செட்டின் ஈறுப் பகுதி, ஒரு பொடியையும் திரவத்தையும் பிசைந்து செய்வது. திரவத்தின் பெயர் மெத்தில் மெத்தாக்ரிலேட். கடையில் மோனோமர் என்பார்கள். பிசைந்ததைப் பித்தளை அச்சில் அடைத்து வெந்நீரில் வேகவைத்தால், அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக இறுகும். அரைகுறையாக வெந்தால், கோக்காத திரவம் உள்ளே தங்கி ஈறில் கசியும்.

எவ்வளவு நேரம் வேகவைத்தார் என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"சிலிண்டர் தீந்துருச்சு சார். முக்கால்வாசி வெந்துருந்துச்சு, போதும்னு எடுத்துட்டேன்."

"அது என்ன, சோறா?" என்றாள் அக்கா.

காத்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வேற கட்டித் தரேன்க்கா. காசு வேணாம். தண்ணியில ஊறப்போட்டு, மிச்சமிருக்க மோனோமரும் போனப்புறம் தரேன்."

அக்கா கைக்குட்டையைப் பிரித்துப் பல்செட்டை மேசைமேல் வைத்தாள். "கட்டித் தா. மொதல்ல இதை நாக்குல வையி. கழுவித்தான் கொண்டாந்திருக்கேன்."

"சார், நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் நன்றாகத் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன்.

அவர் வைத்தார். முகம் கோணியது, கண் கலங்கியது. எடுக்கப் போனவரை அக்கா விடவில்லை.

"இருக்கட்டும். கல்யாணம் முழுக்க எனக்கு இருந்துச்சுல்ல."

காத்திருந்த இருவரும் எழுந்து வெளியே போனார்கள். அவர்கள் படி இறங்கும்வரை அக்கா பார்த்திருந்துவிட்டு, "இப்ப எடு" என்றாள்.

அடுத்த வாரம் புதுப் பல்செட் வந்தது. எரியவில்லை, நன்றாகப் பொருந்தியது. அதைப் போட்டுக்கொண்டு அக்கா மறுநாளும் கடைக்குப் போய், வாசலை ஒட்டிய அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.