மஞ்சள் வயலில் சிவந்த கல்

படம் போட எங்கள் அண்ணி கடைக் கலரைத் தொட்டதேயில்லை. எழுபதுகளில் திருவள்ளூரிலிருந்து ரயிலேறி மெட்ராஸ் காலேஜுக்குப் போய்வந்த காலத்தில், என்னோடு வந்த தோழிகளில் ஒருத்தியும் இந்தப் பெருமையைக் கேட்காமல் தப்பித்ததில்லை. வேதியியல் படித்த எனக்கு எதைப் பற்றியாவது யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அப்போது எனக்குக் கிடைத்தவர் அண்ணி.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர் அவர். வெள்ளைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, மஞ்சளுக்கு அம்மியில் அரைத்த மஞ்சள், சிவப்புக்குச் செம்மண், கறுப்புக்கு விளக்குக் கரி. அண்ணனின் பழைய வேட்டியில் புளியங்கொட்டைப் பசை தடவிக் காயவைத்தால் படம் போடத் துணி தயார். தாழை விழுதின் நுனியை நசுக்கினால் பிரஷ். எதற்கும் கடைக்குப் போக வேண்டியதில்லை, எதுவும் குப்பைக்கும் போகாது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட ஹாலில் ஓவியக் கண்காட்சி என்று தெரிந்ததும் அவரைக் கேட்காமலே பேர் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் முழுக்கத் திட்டினார். மறுநாள் துணியை விரித்தார்.

அவர் போட்டது கும்மிடிப்பூண்டிப் பக்கம் அவருடைய தாய்மாமா பயிர் வைத்த வயல். தொழிற்சாலை வரப்போகிறதென்று அதை அளந்து கல் நட்டிருந்தார்கள். அதுதான் கடைசி அறுப்பு. மாமாவே படத்தைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அதனால் அண்ணி பத்து நாள் வேறு நினைப்பில்லாமல் உட்கார்ந்து போட்டார். துணி முழுக்க விளைந்த நெல்லின் மஞ்சள், நடுவே கரிக்கோட்டில் ஐந்து கல்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலை அண்ணி தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். எனக்கு அந்தக் கற்கள் கண்ணை உறுத்தின. அளவுக்கல் என்றால் வெள்ளையடித்துத்தானே இருக்கும்? அண்ணி மறந்துவிட்டார் என்று நானே முடிவு செய்து, கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குழைத்து ஐந்துக்கும் பூசினேன். ஐந்தாவதை முடித்துத் திரும்பினால் முதல் கல் சிவந்திருந்தது. பார்க்கப் பார்க்க ஐந்தும் சிவந்தன. ஆரத்தி கரைக்கும் எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். லேபில் மஞ்சள் தாளை வைத்து நானே பத்து முறை செய்த சோதனை.

குடத்தோடு வந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா நாத்தனாரே, காலேஜுல இத்த சொல்லித் தர்லியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கடைக்கு ஓடி ஒரு மஞ்சள் டியூப் வாங்கிவந்து மூடிவிடுகிறேன் என்றேன். அவர் குடத்தை இறக்கிவைத்தார்.

"கடைக் கலரு ஒரு சொட்டு பட்டாலும் அது என் படம் இல்ல. அத்த மாமாவுக்குக் காட்ட மாட்டேன்."

கண்காட்சிக்குப் படம் போகாது என்று துணியைச் சுருட்டக் குனிந்துவிட்டார். அப்போதுதான் என் படிப்பு எனக்கு ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு சிவக்க வைத்ததைப் புளிப்பு திருப்பிவிடும். எலுமிச்சம்பழத்தை வெட்டி, ஒரு கந்தலைப் பஞ்சுபோல் சுருட்டிச் சாற்றில் தொட்டு, கல்லின் மேல் மெல்ல ஒற்றினேன். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது, மஞ்சள் திரும்பி வந்தது. மூச்சே விடாமல் நாலு கல்லைச் சரிசெய்தேன். ஐந்தாவதுக்குப் போனபோது அண்ணி என் கையைப் பிடித்தார்.

"இது இருக்கட்டும்."

ஏன் என்று கேட்டேன். அழகாக இருக்கிறது என்றதோடு சரி.

மறுநாள் ஹாலில் படங்களை வாங்கிவைத்த வாத்தியார், சீட்டில் என்ன கலர் என்று எழுதும் இடத்தில் எங்கள் பட்டியலைப் படித்துவிட்டு, இது படமா குழம்பா என்று கேட்டார். "மிச்சத்த கொழம்புலதான் போட்டேன் சார்," என்றார் அண்ணி. வாத்தியார் சிரித்துக்கொண்டே மாட்டச் சொன்னார்.

மத்தியானம் மாமா வந்தார். துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். வரப்பு வளைகிற இடத்தைத் தொடாமல் விரலால் காட்டி, நம்ம கயனிதான் என்றார். பிறகு, அந்த ஒரு கல் மட்டும் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டார். நான் அண்ணியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் என்னை முன்னால் இழுத்துவிட்டார்.

"அது இவ போட்டது மாமா."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பட்ச்ச புள்ள. சரியாத்தான் போட்டுகீது."

அன்று ஹாலைப் பூட்டும்வரை நான் அந்தப் படத்தை விட்டு நகரவில்லை. வந்தவர்களில் பலர் அந்தக் கல்லைப் பற்றிக் கேட்டார்கள். கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.