மகள் சுடப் பழகுகிறாள்

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து நான் கோப்பைகள் கழுவிக்கொண்டிருக்கும் நேரத்தில் எங்கள் ஊரில் வெடிச்சத்தம் தொடங்கும். எங்கள் ஊர் என்று நான் இப்போது சொல்வது, சுவிஸில் பேர்ன் நகரத்திலிருந்து ரயிலும் பிறகு மஞ்சள் பஸ்ஸும் பிடித்துப் போகவேண்டிய ஒரு கிராமத்தை. குன்றின் அடியில் ஒரு மரக்கட்டடம் இருக்கிறது. சுட்சன்ஹவுஸ் என்பார்கள், சூட்டு வீடு. அதற்குள் படுத்திருந்து, பள்ளத்துக்கு அப்பால் எதிர்ச்சரிவில் நட்டிருக்கும் இலக்குகளைச் சுடுவார்கள். பக்கத்து வேலிக்குள் மாடுகள் மேயும். ஒரு மாடுகூடத் தலையைத் தூக்காது. எந்தெந்த நாளில், எந்த மணியிலிருந்து எந்த மணிவரை சுடுவார்கள் என்று ஊர்ச்சபை வருடத் தொடக்கத்திலேயே அச்சடித்து வீடு வீடாக அனுப்பிவிடும். குப்பை எடுக்கும் நாட்களும் அதே தாளில்தான் இருக்கும். சாப்பாட்டு நேரத்தில் சூடு கிடையாது. ஞாயிறு பூசை நேரத்திலும் கிடையாது. யுத்த நேரம் வன்னியில், அக்கராயனில், எங்களுக்கும் யாராவது இப்படி ஒரு தாள் தந்திருந்தால் எவ்வளவு வசதியாக இருந்திருக்கும் என்று அதை முதன்முதலில் பார்த்தபோது நினைத்தேன். பகிடிக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே பொறாமையாக இருந்தது.

ஆனால் அந்தத் தாளைப் பற்றித் தெரியாமல் இருந்த முதல் சனிக்கிழமையும் ஒன்று உண்டு. யுத்தம் முடிந்து எங்களை அடைத்துவைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்து, கலியாணம் பேசி, இங்கே வந்து இறங்கியிருந்த புதிது. மகள் அபிரா வயிற்றில். இவர் ரெஸ்ரோறன்ற் வேலைக்குப் போயிருந்தார். முதல் வெடி கேட்டதும் என் கால்கள் தம்பாட்டில் படியிறங்கின. இந்த நாட்டில் அநேகமான வீடுகளுக்குக் கீழே பங்கர் இருக்கிறது என்பது ஊரில் இருந்து வாசிக்கும் உங்களுக்குப் புதினமாக இருக்கும். தடித்த கொங்கிறீற் சுவர், தனி ஆளாகத் தள்ள முடியாத கதவு. எங்களுடைய பங்கரைப்போல பனங்குற்றியும் மண்மூட்டையும் இல்லை. யுத்தம் வராதபடியால் அதற்குள் உருளைக்கிழங்கும் வைன் போத்தலும் வைத்திருக்கிறார்கள். நான் அந்தக் கிழங்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தேன். கிழங்கு எடுக்க வந்த மேல்மாடிக்காரர் ஹெர் வெபர் என்னைக் கண்டு திடுக்கிட்டு ஏதோ கேட்டார். எனக்கு டொச், அதுதான் ஜேர்மன் மொழி, தெரியாது. மேலே கையைக் காட்டி “டும், டும்” என்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பக்கத்து அறைக்குப் போய் வோஷிங் மெஷினைத் திறந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். திங்கட்கிழமை வோஷிங் மெஷின் திருத்துகிறவர் வந்தார்.

பிறகு மொழி வந்தது, சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டும் வந்தது. நான் வந்த காலத்தில் இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர் இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்கத் தடை என்று எங்கள் ஆட்கள் சொல்லிக் குறைப்படுவார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. அந்தத் தடையை எல்லாருக்கும் போடலாமே என்றுதான் நினைத்தேன். ரயிலில் ஆமிப் பெடியங்கள் துவக்கை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பாண் சாப்பிடுவார்கள். முன்னால் இருக்கும் கிழவி ஏறெடுத்தும் பார்க்காமல் பின்னிக்கொண்டிருப்பாள். வீட்டு அலுமாரிகளுக்குள் உடுப்போடு உடுப்பாகத் துவக்கு நிற்கிற நாடு இது. குடியுரிமை கிடைத்த பிறகு நான் போட்ட முதல் வாக்கு, துவக்குகளுக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதற்குத்தான். ரயில் நிலையத்தடியில் அதற்குத் துண்டுப்பிரசுரமும் கொடுத்திருக்கிறேன். ஹெர் வெபரிடமும் ஒன்றை நீட்டினேன். அவர் அந்தச் சூட்டுக் கழகத்தில் பிள்ளைகளைப் பழக்குகிறவர். மரியாதையாக வாங்கி, கண்ணாடி போட்டு முழுதும் வாசித்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “தாளின் தரம் நல்லது” என்றார். இன்றுவரை அவர் என்னை நக்கலடித்தாரா பாராட்டினாரா என்று தெரியாது.

போன வசந்தத்தில் அபிரா ஒரு நாள் பாடசாலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

“அம்மா, நான் யுங்சுட்சனில சேரப்போறன்.”

யுங்சுட்சன் என்றால் இளம் பிள்ளைகளுக்கான சூட்டுப் பயிற்சி. இங்கே அது நீச்சல், பந்தடி மாதிரி ஒன்று. ஆமிக்காரர் பாவிக்கிற அதே துவக்கைத்தான் பிள்ளைகளுக்கும் கொடுப்பார்கள். தாய் தகப்பன் சம்மதிக்கவேண்டும். “உன்ரை அப்பாவைக் கேள்” என்றேன். அவர் ஏற்கெனவே “அம்மா ஓம் எண்டால் ஓம்” என்று நழுவிவிட்டாராம். வழமையான ஆள்தான்.

“எனக்கு விருப்பமில்லை.”

“ஏன்?”

“விருப்பமில்லை எண்டால் விருப்பமில்லை.”

“ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. நீங்களும் ஒருக்காச் சுட்டுப் பாருங்கோ. அதுக்குப் பிறகும் வேண்டாம் எண்டு சொன்னீங்களெண்டால் நான் இந்தக் கதையே எடுக்கமாட்டன். சத்தியமா.”

அவள் சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. வருடத்தில் ஒரு முறை ஊரார் எவரும் போய்ச் சுடக்கூடிய நாள் ஒன்று வரும். அன்றைக்கு வருகிறேன் என்றேன். போய், பார்த்து, வேண்டாம் என்று சொல்லிவிட்டு வருவதாகத்தான் முடிவு.

ஏன் விருப்பமில்லை என்று அவளுக்கு ஒழுங்காகச் சொல்லியிருக்கலாம். ரூபன் என்று தனக்கு ஒரு மாமா இருந்தார் என்பது அவளுக்குத் தெரியும். அவர் சண்டையில் இல்லாமல் போனார் என்பதும் தெரியும். அவ்வளவுதான் தெரியும். என் தம்பியை வீட்டுக்கு ஒருவர் என்று கூட்டிக்கொண்டு போனபோது அவனுக்கு அபிராவைவிடக் கொஞ்சம்தான் வயது கூட. யார் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று நான் எழுதத் தேவையில்லை. எங்கள் ஆட்களுக்குத் தெரியும். குளத்து வாய்க்காலில் குளித்துவிட்டு ஈரத்துவாயோடு வந்தவனை வீட்டு வாசலில் வைத்து வாகனத்தில் ஏற்றினார்கள். பயிற்சி முடிந்ததென்று ஒரே ஒரு பின்னேரம் வீட்டுக்கு விட்டார்கள். அம்மா புட்டு அவித்தா. அவன் தின்றுகொண்டே என்னிடம் சொன்னான்: “சுடுறது லேசு அக்கா. மூச்சை இழுத்து, பாதியை விட்டுட்டு, மிச்சத்தைப் பிடிச்சுக்கொண்டு மெல்லமா அழுத்தோணும்.” நான் அப்போது அவனுக்கு மீன்குழம்பு விட்டுக்கொண்டிருந்தேன். “கதையாமல் சாப்பிடு” என்றேன். பிறகு அவன் வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை நானும் மகளும் புல்வெளி ஓரமாக நடந்து போனோம். சூட்டு வீட்டில் ஒரு கலியாண வீட்டுக் கலகலப்பு. வாசலில் சொசேஜ் வாட்டினார்கள். கைக்குழந்தைகளின் காதுகளில்கூடப் பெரிய காதடைப்புகள். எனக்கும் ஒன்றைக் கொடுத்தார்கள். ஹெர் வெபர் என்னைக் கண்டதும் கை கொடுத்து, தரையில் விரித்திருந்த பாயைக் காட்டி, “படுங்கள்” என்றார்.

நான் படுத்தேன். அவர் நினைத்த மாதிரி அல்ல. ஊரில் எங்கள் பள்ளிக்கூடத்தில், குண்டுபோடப் பொம்மர் வந்தால் எப்படிப் படுக்கவேண்டும் என்று வரிசையாக நிறுத்திப் பழக்கினார்கள். குப்புறப் படுக்கவேண்டும். நெஞ்சு நிலத்தில் முட்டாமல் முழங்கையை ஊன்றவேண்டும். விரலால் காதைப் பொத்தி, பல்லை நெருமாமல் வாயைத் திறந்துவைக்கவேண்டும். எத்தனையோ வருடம் கழித்து, காதடைப்பும் போட்டுக்கொண்டு, அதற்கு மேலால் விரல்களை அழுத்தியபடி, துவக்குக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன். கண்ணையும் மூடியிருந்தேன். ஹெர் வெபர் குனிந்து, “சுகமில்லையா? தண்ணீர் வேண்டுமா?” என்று கேட்டார். பின்னால் யாரோ நான் பிரார்த்தனை செய்கிறேன் என்று விளங்கப்படுத்தியது கேட்டது. இவர்களுடைய நல்ல மனதுக்கு ஒரு குறையுமில்லை.

வெட்கமாக இருந்தது. எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் அபிரா பார்த்துக்கொண்டு நின்றாள். துவக்கின் கட்டையைத் தோளில் வைத்தேன். குளிராகவும் நான் நினைத்ததைவிடப் பாரம் குறைவாகவும் இருந்தது. ஹெர் வெபர் “இப்போது மூச்சு...” என்று தொடங்க முன்னரே நான் இழுத்து, பாதியை விட்டு, மிச்சத்தைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

வன்னியில் செல் குண்டுக்கு இரண்டு சத்தம். முதலாவது அங்கே ஏவும்போது குத்துவது, இரண்டாவது இங்கே விழுவது. இரண்டுக்கும் நடுவில்தான் வீட்டில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று யோசிப்போம். நான் அப்படியே இரண்டாவது சத்தத்துக்காகக் காத்துக்கொண்டு கிடந்தேன். அபிரா பின்னால் நிற்கிறாள், இவர் வேலையில் என்றுகூட யோசித்து முடித்துவிட்டேன். இரண்டாவது சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த சின்னத் திரையில், கறுப்பு வட்டத்தின் நடுவுக்குக் கிட்ட ஒரு புள்ளி வந்தது. மற்றச் சூடுகளும் அதைச் சுற்றித்தான் விழுந்தன. ஹெர் வெபர் கை தட்டினார். இது பிறவியில் வருவது, சொல்லிக்கொடுத்து வராது என்று சுற்றி நின்றவர்களுக்குச் சொன்னார். எல்லாரும் சந்தோசப்பட்டார்கள்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. நடுங்குவேன், அழுவேன், அங்கேயே சத்தம் போடுவேன் என்றெல்லாம் வழியெல்லாம் பயந்துகொண்டு போனவள் நான். பல்லுப் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் தெரிகிறது, ஆனால் அது என்னுடையதில்லை. புலம்பெயர்ந்து என்னைப்போல் இருக்கும் பலருக்கு இது தெரிந்திருக்கும். செத்தவீட்டுச் செய்தி போனில் வரும்போது அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்போமே, அந்த விறைப்புத்தான். பயம்கூட வரவில்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு வெளியே மரவாங்கில் இருந்தோம். அபிரா தன் சொசேஜைத் தொடவில்லை. என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உனக்கு ஏன் இது வேணும்?” என்று கேட்டேன்.

“எனக்கு நல்லா வருதாம், ஹெர் வெபர் சொன்னவர். போன கிழமை சின்னக் காத்துத் துவக்கால சும்மா சுடவிட்டவை. அம்மா, ஸ்கூல்ல எனக்கு நல்லா வாறதெண்டு ஒண்டும் இல்லை. உங்களுக்குத் தெரியும்தானே.”

எனக்குத் தெரியும். ஆசிரியர் சந்திப்புக்குப் போய் வருகிறவள் நான்தான்.

“சுட்டு முடிஞ்சால் துவக்கு எங்க இருக்கும்?”

“இங்கதான். பூட்டி வச்சிடுவினம்.”

“நீ?”

அவளுக்குக் கேள்வி விளங்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். “நான் வீட்ட வருவன்” என்றாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஒரு பிள்ளை துவக்கை வைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன் என்று சொல்வதை நான் அதற்கு முதல் கேட்டதே இல்லை. அவள் அதை, பஸ்ஸில் வருவேன் என்கிற மாதிரி அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். “சரி. ஆனால் அது ஒரு நாளும் எங்கட வீட்டுக்குள்ள வரக்கூடாது” என்றேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். அதுவும் கன்னத்தில் ஊசி போட்ட மாதிரித்தான் இருந்தது. என் வாக்கு மாறவில்லை, நாளைக்கு வாக்கெடுப்பு வைத்தாலும் துவக்குக் கட்டுப்பாட்டுக்குத்தான் போடுவேன். ஹெர் வெபருக்கும் அதைச் சொன்னேன். அவரும் தான் மற்றப் பக்கத்துக்குத்தான் போடுவேன் என்று சொல்லி, எனக்கு இன்னொரு சொசேஜ் வாங்கித் தந்தார்.

இலையுதிர்காலப் போட்டியில் அபிரா வென்றாள். குறிபார்க்கிற மாதிரித் தோளில் துவக்கைப் பிடித்தபடி அவள் சிரிக்கும் படம் ஒன்றை ஹெர் வெபர் அனுப்பினார். அவள் அப்படிச் சிரித்து நான் அதிகம் கண்டதில்லை. அக்கராயனில் எங்கள் வீட்டில் இருப்பது தங்கச்சி வதனி. பெறாமகள் ஏதோ வென்றுவிட்டாள் என்று கேள்விப்பட்டு, படம் அனுப்பு, அனுப்பு என்று கரைச்சல். அந்தப் படத்தை நான் எப்படி அனுப்புவேன்? போனில் வேண்டாததை விரலால் தேய்த்து அழிக்கிற வசதி இருக்கிறது. குசினிக் கதிரையில் இருந்து துவக்கைத் தேய்த்து அழித்தேன். சுகமாகப் போய்விட்டது. கைகள் மட்டும் ஒன்றுமில்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன.

“பிள்ளை கையில என்னத்தை வச்சிருந்தவள் அக்கா?” என்று வதனி கேட்டாள்.

“பூச்செண்டு.”

என்ன பூ என்று அவள் கேட்கவில்லை. பிறகு, “பிள்ளை வடிவாயிருக்கிறாள். படத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில கொழுவுறன்” என்றாள். அடுத்த கிழமை சுவரைப் படம் எடுத்து அனுப்பினாள். அபிராவைக் கொழுவியிருந்தது ரூபனுக்குப் பக்கத்தில். ரூபனுடைய படம் அந்த ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது, சீருடையோடு எடுத்தது. இடம்பெயர முதல் அம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி வளவுக்குள் தாட்டா. முகாமால் போய்த் தோண்டி எடுத்தது வதனி. ஆமி வீடு வீடாக வரும், அப்படியே கொழுவ முடியாத காலம். கிளிநொச்சியில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து, சீருடைக்கு மேல் நீலச் சேர்ட் போட்டு, கையில் இருந்ததை அழித்து வாங்கினாள். அப்போது அப்படி எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்த ஸ்டூடியோக்களில் நீலச் சேர்ட் போட்டார்கள். இப்போது சுவரில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே பக்கம் சரிந்து, வெறுங்கையை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். ஒன்று அக்கராயனில் பிறந்தது, மற்றது அந்த வீட்டைக் கண்டதே இல்லை.

அபிரா போனை என் கையால் வாங்கினாள். தன் துவக்கு எங்கே என்று கேட்டுச் சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் படத்தைப் பார்க்கவே இல்லை. மற்றதை விரலால் பெரிதாக்கிக் கன நேரம் பார்த்தாள்.

“மாமா பிடிச்சது பிழை அம்மா. இடது முழங்கை உள்ளுக்கு வரோணும், தோளும் இறங்கோணும். அவருக்கு ஒருத்தரும் வடிவாச் சொல்லிக் குடுக்கேல்லையோ?”

“நேரம் இருக்கேல்லை” என்றேன்.