நார்வேக்காரனுங்களும் என் விபூதியும்

ஏண்டி, உங்கப்பன் கார்ல இந்தக் கத்தல் பாட்டைப் போட்டா நான் ஏன் சிரிக்கிறேன்னு தெரியலன்னா உனக்குச் சோறு இறங்காதா? சரி, கேளு.

நாங்க அமெரிக்கால இந்த ஃப்ரீமான்ட் ஊருக்கு வந்த புதுசு. உங்கப்பன் ஸ்கூல் படிச்சான். நார்வேல நாலு பசங்க சேர்ந்து இந்தக் கத்தல் பாட்டு பேண்ட் ஆரம்பிச்சது, ட்ரம்மர் கோவிச்சுக்கிட்டுப் போனது எல்லாம் அவனுக்கு மனப்பாடம். பெத்தவ எந்த ஊர்ல பொறந்தான்னு கேட்டா முழிப்பான். எனக்கு வயிறு எரிஞ்சுது.

அவன் ரூம் சுவத்துல ஒட்டியிருந்த போஸ்டர்ல அவனுங்க இருந்த மாதிரியே மூஞ்சி பூரா விபூதி அப்பி, கண்ணைச் சுத்தி மை தீட்டிக்கிட்டு அவன் பாட்டு போட்டுக்கிட்டிருந்த கார் கராஜ்ல போய் நின்னேன். "அம்மா, நீ அவங்களை விட சூப்பரா இருக்க!"ன்னு விழுந்து விழுந்து சிரிச்சான். அன்னைக்கு முழுக்க என் பக்கத்தை விட்டு நகரலடி.

வாசல்ல பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, "என்னக்கா இந்தக் கோலம்?"னு கேட்டா.

"நார்வேல கச்சேரி. ரெண்டு நாள் என் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணி ஊத்து"ன்னேன்.