பழியெல்லாம் மெத்தைமேல்

என் அக்கா புருஷன் மெத்தை விற்பவர். பெரிய ஃபர்னிச்சர் கடை ஒன்றின் மாடி முழுக்க அவர் ராஜ்யம். புது ஜோடி வந்தால், "வெட்கப்படாம படுத்துப் பாருங்க, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்" என்பார். திரும்பவும் மாட்டார், வாயையும் மூட மாட்டார். உலகத்தில் யாருக்கு என்ன கஷ்டம் வந்தாலும் அத்தானுக்குக் காரணம் ஒன்றுதான்: தப்பான மெத்தை. எதிர்வீட்டுத் தம்பதி பிரிந்தபோதுகூட, "நடுவுல மேடு தட்டிப்போன மெத்தை மச்சான். ஆளுக்கொரு பக்கம் உருண்டுட்டாங்க" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று தன் வீட்டு மெத்தையை மாற்ற ஆரம்பித்தார். ஸ்பிரிங் போய் ஃபோம் வந்தது. ஃபோம் போய் இன்னொரு ஸ்பிரிங் வந்தது. எல்லாம் கடையில் பார்வைக்கு வைத்து ஓய்வு பெற்றவை. அக்கா வீடு மூன்றாவது மாடி. லிஃப்டில் ஆள் நுழையும், மெத்தை நுழையாது. ஒரு முனையை அவர் பிடிப்பார், மறுமுனை இந்த இளிச்சவாயன் தலையில். படிக்கட்டு திரும்பும் இடத்தில் மெத்தையைச் சுவரில் சாய்த்துவிட்டு, மூச்சு வாங்க, தாடையைப் பிடித்துக்கொள்வார்.

"பல்லு, மச்சான்."

"பல் டாக்டர்கிட்ட போங்களேன்."

"எதுக்கு? மெத்தை சரியில்லன்னா தூக்கத்துல பல்லைக் கடிப்போம். அதான் வலி."

இவரோடு பேசி யார் ஜெயிப்பது? நல்லாயிருந்த மெத்தைக்கு என்ன கேடு என்று அக்காவிடம் கேட்டால், அவள் சுத்தமாயிருந்த அடுப்பை மறுபடி துடைக்கப் போய்விடுவாள். அவள் முகம் வாடிக் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் அத்தானே உடைத்தார், அதே படிக்கட்டில். "கொஞ்ச நாளா... எதுவும் சரிப்பட்டு வரல மச்சான். உன் அக்காகிட்ட மூஞ்சி காட்ட முடியல."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, "டாக்டரைப் பாருங்க அத்தான்" என்றேன்.

"டாக்டர்கிட்ட போய் இதைச் சொல்றதா? உயிரே போனாலும் மாட்டேன். கடையில அலமாரி விக்கிறவன் ஒரு மாத்திரை கொடுத்திருக்கான். அதோட நல்ல மெத்தையும் சேர்ந்தா போதும்."

அந்த நல்ல மெத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து இறங்கியது. லேடெக்ஸ், முழுக்க ரப்பர். தூக்கினால் மாட்டைத் தூக்குவதுபோல் இருந்தது. இரண்டாவது மாடி தாண்டவில்லை. அத்தான் அதன்மேலேயே சரிந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பேச்சு வரவில்லை. அவர் பேசாமல் கிடந்து நான் பார்த்ததே இல்லை. நான் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் கட்டிலைச் சுற்றி அக்கா, நான், எங்கம்மா, உதவிக்கு வந்த வீட்டு ஓனர். இளம் டாக்டரம்மா ஈ.சி.ஜி.யைப் பார்த்துவிட்டு, "இது ஹார்ட் அட்டாக்" என்றார். நர்ஸ் நாக்குக்கு அடியில் வைக்க ஒரு மாத்திரையை எடுத்தார். டாக்டரம்மா குனிந்து கேட்டார்: "ஆண்மைக்குன்னு ஏதாவது மாத்திரை போட்டிருக்கீங்களா?"

அத்தான் மாமியாரைப் பார்த்தார். வீட்டு ஓனரைப் பார்த்தார். அந்த நிலையிலும் நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தார்.

"எனக்கு எதுக்குங்க அதெல்லாம்?"

நர்ஸின் கை அவர் வாயருகே போய்விட்டது.

"வைக்காதீங்க!" அக்கா போட்ட சத்தத்தில் அடுத்த கட்டில் நோயாளி எழுந்து உட்கார்ந்தார். "மத்தியானம் ஃபிரிட்ஜ் கதவுக்குப் பின்னாடி நின்னு முழுங்கினார். என் கண்ணால பார்த்தேன். பல நாளா அவருக்கு முடியல!"

எங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். டாக்டரம்மா நர்ஸின் கையைப் பிடித்து நிறுத்திவிட்டார். "நல்லவேளை சொன்னீங்கம்மா. அதுவும் இதுவும் சேர்ந்தா ரத்த அழுத்தம் அப்படியே விழுந்திருக்கும். ஆளைக் காப்பாத்தியிருக்க முடியாது."

அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தபிறகு எங்களிடம் விளக்கினார்: "ஆணுறுப்புக்குப் போற ரத்தக்குழாய் இதயத்தோடதைவிடச் சின்னது. அடைப்பு வந்தா பெரும்பாலும் அங்கதான் முதல்ல தெரியும். எல்லாருக்கும் இப்படி ஆகும்னு இல்ல. ஆனா முதல்லயே வந்து சொல்லியிருந்தா இதயத்தையும் பார்த்திருப்போம். அந்தத் தாடை வலி பல்லுவலி இல்ல."

வீட்டு ஓனர் எங்களை முன்னால் போகவிட்டுவிட்டு, டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, "என் நண்பர் ஒருத்தருக்கு..." என்று ஆரம்பித்தார்.

மறுநாள் அத்தானுக்குப் பேச்சு திரும்பிவிட்டது. முதல் வேலையாக அக்காமேல் பாய்ந்தார்.

"உங்கம்மா முன்னாடி, வீட்டு ஓனர் முன்னாடி... என் மானத்தையே வாங்கிட்டியே!"

அக்கா போர்வையை அவர் காலுக்கு இழுத்துவிட்டாள். "இத்தனை நாளா என்னைத்தான் பிடிக்காம போச்சோன்னு நினைச்சு தனியா அழுதுட்டிருந்தேன். அதுக்கு உங்க மானம் எங்க போச்சு?"

அத்தான் குழாய் குத்திய கையைத் தூக்க முடியாமல் தூக்கி அவள் கன்னத்தில் வைத்தார்.

"உன்னைப் பிடிக்காம போகுமாடி?" என்றார்.

அக்கா அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.