மாறிப்போன தண்ணீர்

கூட வேலை செய்பவர்கள் சைக்ளோட்ரான் ஆபரேட்டருக்கு வைத்த பட்டப்பெயர் ‘சட்டம்’. கையுறை இல்லாமல் யாராவது கதவுப்பிடியைத் தொட்டால் போதும், நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் தன் கையால் ஒரு தவறும் நடக்கவில்லை என்பதில் மனிதருக்குத் தலைக்கனமும் உண்டு.

வேலை கேட்கத்தான் பெரிது. தடித்த கான்கிரீட் சுவருக்குள் இருக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் அணுத்துகள்களைச் சுழற்றிச் சுழற்றி வேகமேற்றி, கொஞ்சூண்டு தண்ணீரில் மோதவிடும். அது கனமான ஆக்சிஜன் உள்ள, யானை விலைத் தண்ணீர். அதிலிருந்து கதிர்வீசும் ஃபுளோரின் பிறக்கும். பக்கத்து அறையில் வேதியியல்காரப் பெண் அதைச் சர்க்கரையோடு சேர்த்து மருந்தாக்குவாள். ஊசியில் ஏற்றினால், புற்றுநோய் ஒளிந்திருக்கும் இடத்தை ஸ்கேனில் காட்டிக் கொடுக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் சேமித்து வைக்க வழியில்லை. அன்றன்று சமைத்து அன்றன்றே பரிமாற வேண்டிய சரக்கு.

அன்று ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்களில் ஆபரேட்டருடைய மனைவியின் அண்ணனும் ஒருவர். மறுநாள் அறுவை சிகிச்சை. கட்டி வேறெங்கும் பரவவில்லை என்று ஸ்கேன் சொன்னால்தான் கத்தியை எடுப்பேன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். காலையிலிருந்து மனைவி போனுக்கு மேல் போன்.

“ஸ்கேனுக்காக அண்ணன் ராத்திரியிலேருந்து பட்டினிங்க. சீக்கிரம் அனுப்பிடுங்க!”

“சரி சரி, வை” என்று அலுத்துக்கொண்டே குளிர்பெட்டியிலிருந்து பாட்டிலை எடுத்துத் தண்ணீரை ஏற்றினார். இயந்திரம் ஓடி முடித்தது. வேதியியல்காரி மீட்டரைப் பார்த்துவிட்டுக் கத்தினாள்.

“என்னங்க இது, வீரியம் கண்ணு முன்னாலயே கரையுது?”

இயந்திரக் கோளாறுதான், திறந்து பார்த்துவிடலாம் என்றார் மேனேஜர். திறப்பதென்றால் உள்ளே கதிர்வீச்சு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைய பொழுது அதோடு போய்விடும்.

ஆபரேட்டர் குளிர்பெட்டியைத் திறந்தார். விலையுயர்ந்த பாட்டில் சீல் உடையாமல் இருந்தது. குழாய் கழுவுகிற சாதாரணத் தண்ணீர்தான் குறைந்திருந்தது. சாதாரணத் தண்ணீரில் துகள் மோதினால் பிறப்பது வேறு சரக்கு, சில நிமிஷத்திலேயே கரைந்துபோகும் நைட்ரஜன். வாயை மூடிக்கொண்டால் பழி இயந்திரத்தின் தலையில் விழும். மச்சானுக்கு ஸ்கேன் கிடைக்காது. வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

“மெஷினைத் திறக்காதீங்க. நான்தான் தண்ணிய மாத்தி ஏத்திட்டேன்.”

“நீங்களா?” என்றார் மேனேஜர். திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

குழாயைக் கழுவி, உலர்த்தி, சரியான தண்ணீரை ஏற்றி மறுபடி ஓட்டினார்கள். சோதனையெல்லாம் முடிந்து மருந்து கிளம்பிய வண்டியிலேயே அவரும் ஏறிக்கொண்டார்.

காத்திருக்கும் அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. “எவ்வளவு நேரம்தான் பட்டினி போடறது? எல்லாரையும் இன்னொரு நாள் வரச் சொல்லிட்டோம். இவருக்கு நாளைக்கு ஆபரேஷன், அதான் இருக்காரு” என்றாள் நர்ஸ். உதடு காய்ந்துபோய் மச்சான் மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“எந்தப் புண்ணியவான் பண்ண வேலை மாப்ள இது? உசுரு போகுது.”

“நான்தான் மச்சான். என் தப்புதான்.”

மச்சான் வண்டியில் வந்த மருந்துப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப வந்திருக்கிற மருந்து?”

“அதையும் நான்தான் ஓட்டினேன்.”

மச்சான் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடக்கிவிட்டு, “போடச் சொல்லுங்க” என்றார்.