வெட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்

நோயாளர் வாட்டை விட்டு, ஆஸ்பத்திரியின் தர மேம்பாட்டுப் பிரிவுக்குப் பொறுப்பாகப் போனபோது எனக்கு முதலில் இல்லாமல் போனது சத்தம். அதுவரை என்னைச் சுற்றி யாராவது இருமிக்கொண்டோ, அழுதுகொண்டோ, "டொக்டர்" என்று கூப்பிட்டுக்கொண்டோ இருந்தார்கள். புதிய அறையில் ஒரு மேசையும் ஏசியும். நோயாளிகளுக்குத் தவறு நேராமல் பார்ப்பதுதான் வேலை. ஆனால் நாள் முழுக்க ஒரு நோயாளியின் முகத்தைக்கூடக் காணமாட்டேன்.

கணவர் இறந்து, மகளும் மெல்பேர்னுக்குப் போன பிறகு, கொழும்பில் எனக்கென்று மிஞ்சியிருந்தது ஒரு சிநேகிதிதான். யாழ்ப்பாணத்தில் என்னோடு மருத்துவம் படித்தவள். அதே ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணர். வெள்ளவத்தையில் ஒரே ஒழுங்கையில் இருந்தோம். காலையில் அவளுடைய காரில்தான் வேலைக்குப் போவேன். காலி வீதி நெரிசலை இருவரும் திட்டிக்கொண்டே போவோம்.

நான் கொண்டுவந்த முதல் விதி சிறியது. சத்திரசிகிச்சைத் தியேட்டரில் வெட்டுவதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்; நோயாளியின் பெயர், என்ன சிகிச்சை, எந்தப் பக்கம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வைத்தியர்கள் கூட்டத்தில் அதை முதலில் எதிர்த்தவள் அவள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. திரும்பும்போது காருக்குள் கேட்டாள்:

"எனக்கு இடது வலது தெரியாதெண்டு நினைக்கிறியோ?"

"உனக்கெண்டு இல்லையடி. எல்லாருக்கும்தான்."

"எல்லாருக்கும் முன்னால வச்சு என்னை மடக்கினாய்."

அடுத்த நாள் கார் வரவில்லை. போன் எடுத்தேன். "நான் வெள்ளனவே வெளிக்கிட்டிட்டன்" என்றாள். அதன் பிறகு பஸ்தான்.

சில மாதங்கள் கழித்து, தியேட்டர் சிஸ்டர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். என் சிநேகிதியின் தியேட்டரில், மாளிகாவத்தையிலிருந்து வந்த ஒரு முஸ்லிம் அம்மாவுக்குக் குடலிறக்கச் சிகிச்சை. சிகிச்சைப் பத்திரத்தில் இடது என்று இருந்தது. அந்த ஒரு நிமிடத்தில் மயக்க மருந்து வைத்தியர், "அம்மா என்னிடம் வலது என்று சொன்னாரே" என்றிருக்கிறார். சிநேகிதி கத்தியைக் கீழே வைத்து, ஸ்கேனை எடுத்துப் பார்த்திருக்கிறாள். வலதுதான்.

அவளைத் தேடிப் போனேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முன்னால் தனியாக இருந்தேன்.

"அந்த அம்மாவுக்குச் சொல்லோணும்" என்றேன்.

"ஒண்டும் பிழையா நடக்கேல்லையே. ஏன் பயப்படுத்துவான்?"

"அவவின்ர உடம்பு. அவவுக்குத் தெரியத்தான் வேணும்."

பிறகு எழுந்து வாட்டுக்கு நடந்தாள். நான் வாசலில் நின்றுகொண்டேன். கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். அந்த அம்மா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"அல்லாஹ் காப்பாத்திட்டான் டொக்டர். நீங்க நிண்டு பாத்தீங்கதானே, அது போதும்."

ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனாள்.

அதற்குப் பிறகு அந்த நிமிடத்தை அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை என்று சிஸ்டர் சொன்னார். அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, பிரியாவிடைக் கூட்டத்தில் இளம் வைத்தியர்களிடம், "எவ்வளவு அவசரமெண்டாலும் நிண்டு கேளுங்கோ" என்றாள். கைதட்டினார்கள். நானும் கடைசி வரிசையில் இருந்து தட்டினேன்.

மேடையிலிருந்து இறங்கியவளைச் சுற்றி ஆட்கள் கூடிவிட்டார்கள். கொஞ்சம் காத்து நின்றேன். கூட்டம் குறையவில்லை. கூட்டத்தில் தந்த பற்றிஸைத் தின்று முடித்துவிட்டு, பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஒரு ஆளுக்கு அரை இறாத்தல் போதும்.